குறி போட்ட நாற்காலி

இதை நான் கற்பனை செய்து எழுதவில்லை. நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. விபத்தில் நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, இழப்பீடு எவ்வளவு என்று மதிப்புப் போடுவது என் வேலை. யார் என்ன சொன்னாலும் சட்டென்று நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே. அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், இது நடந்தது. அதுவும் நடுராத்திரியில் அல்ல, நல்ல வெயிலில்.

பெருந்தொற்று உச்சத்தில் இருந்த நேரம். எனக்கு எட்டாவது மாதம். நான் வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரியைக் காய்ச்சல்காரர்களுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். இரண்டு மாதமாகப் பரிசோதனை எல்லாம் போனில்தான். "கால் வீங்கியிருக்கு டாக்டர்" என்றால், "இந்த மாசத்துல எல்லாருக்கும் வர்றதுதாம்மா. காலை உயர வெச்சுப் படுங்க" என்பார். போனில் ரத்த அழுத்தம் பார்க்க முடியுமா என்ன?

அன்றைக்குக் காலையில் செருப்புக்குள் கால் நுழையவில்லை. முகம் வேறு உப்பியிருந்தது. "கண்ணாடியில பாத்தா எங்க பெரியத்தை மாதிரியே இருக்கேன்" என்று சிரித்தேன். கணவர் சிரிக்கவில்லை. வண்டியை எடுத்தார்.

முதலில் போன ஆஸ்பத்திரியில் கேட்டைத் திறக்கவே இல்லை. அடுத்ததில் பிரசவ வார்டு நர்ஸுகளுக்கே தொற்று என்று வார்டை மூடியிருந்தார்கள். மூன்றாவதில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்கள்.

"ரிசல்ட் வந்தாத்தான் உள்ள விட முடியும். அங்க போய் உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்றார் காவலாளி. கணவரைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

வாசலை ஒட்டி ஒரு தார்ப்பாய்க் கூடாரம். உள்ளே வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகள். இடைவெளி விட்டு உட்கார வேண்டும் என்பதற்காக, ஒன்றுவிட்டு ஒன்றில் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி ஒட்டியிருந்தார்கள். என்னைத் தவிர யாரும் இல்லை. காற்றில் தார்ப்பாய் அடித்துக்கொண்டிருந்தது. பட்... பட்... பட்...

மூன்று மணி இருக்கும். ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தேன்.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெண்.

அது குறி போட்ட நாற்காலி. அவள் வந்த சத்தமே கேட்கவில்லை. என்னைப் போலவே பெரிய வயிறு. ஊரே மாஸ்க் போட்டிருந்த நாளில் அவள் முகத்தில் மாஸ்க் இல்லை. காலில் செருப்பும் இல்லை. பாதம் இரண்டும் வீங்கிப் பளபளத்தன.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்" என்றேன்.

அவள் திரும்பவில்லை. நேரே பார்த்தபடி கேட்டாள்.

"தலை வலிக்குதா?"

"இல்லையே..."

சொல்லி வாய் மூடவில்லை. பின்னந்தலையில் ஆணி இறக்கியது போல ஒரு வலி.

"கண்ணுல மின்னுதா?"

வெள்ளிப் பொட்டுகள் பறந்தன. கேட்டுக்கு வெளியே நின்ற கணவர் பாதிதான் தெரிந்தார். மீதிப் பாதி இருந்த இடத்தில் வெறும் வெளிச்சம்.

அப்போதுதான் கவனித்தேன். தார்ப்பாய் ஆடிக்கொண்டுதான் இருந்தது. சத்தம்தான் இல்லை.

"நெஞ்சுக்குழிக்குக் கீழ வலிக்கும்... இப்ப வரும்."

வந்தது.

அவள் வயிற்றைப் பார்த்தேன். மூச்சுக்கு அது ஏறி இறங்கவே இல்லை.

"அதுக்கப்புறம்?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

யோசித்தாள்.

"அதுக்கப்புறம்... எனக்கு ஞாபகம் இல்ல."

எழப் பார்த்தேன். உடம்பு நகரவில்லை.

"உக்காரு."

முதல்முறையாக என் பக்கம் திரும்பினாள். கீழுதடு கடிபட்டுக் கறுத்திருந்தது.

"கூப்பிடுவாங்க... உக்காரு... கூப்பிடுவாங்க..."

கத்தினேன்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினேன். காவலாளி தடுத்தார். அவர் கையைத் தட்டிவிட்டுக் கண்ணாடிக் கதவில் போய் மோதினேன்.

அவ்வளவுதான் நினைவு.

கண் விழித்தபோது வயிற்றில் தையல் போட்டிருந்தது. கதவைத் தாண்டியதுமே எனக்கு வலிப்பு வந்துவிட்டதாம். ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்ததாம். உடனே ஊசி போட்டு, அறுவை செய்து குழந்தையை எடுத்திருக்கிறார்கள். பெண். எடை குறைவுதான், ஆனால் வார்டே அதிரும்படி அழுகிறாள் என்றார் நர்ஸ்.

அவரிடம் கூடாரத்துப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். மயக்கத்தில் உளறுகிறேன் என்பார் என்று நினைத்தேன். டிரிப்ஸைச் சரிசெய்துகொண்டிருந்த அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"போன மாசம் ஒருத்தங்க அங்க ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாங்க. உக்காந்த இடத்துலயே வலிப்பு வந்திருக்கு. பக்கத்துல யாரும் இல்ல. பாத்தவங்களும் தூங்குறாங்கன்னு நினைச்சுட்டாங்க. தொற்று இல்லன்னு ரிசல்ட் வந்து, கூப்பிடப் போனப்பதான்..."

எனக்குக் கண் கலங்கியது.

"என்னைக் காப்பாத்தத்தான் வந்திருக்காங்க போல, சிஸ்டர்."

நர்ஸ் தலையாட்டவில்லை. கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"போன வாரம் இன்னொரு கர்ப்பிணி அங்க உக்காந்திருந்தாங்க. அவங்களும் போயிட்டாங்க. கடைசியா போன்ல என்ன சொன்னாங்கன்னு அவங்க வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லி அழுதார். 'நீங்க பயப்படாதீங்க, பக்கத்துல ஒரு பொண்ணு துணைக்கு இருக்கா. கூப்பிடுற வரைக்கும் எழுந்திருக்காதேன்னு சொல்றா. நான் இங்கயே உக்காந்திருக்கேன்'னு."