பை போட்ட சீட்டு

போன வாரம் விழுப்புரத்தில் சென்னை பஸ் ஏறினேன். போனில் பதிவு செய்திருந்த ஜன்னலோர சீட்டில் ஒரு பையன், காதில் எதையோ செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என் இடம் என்றேன். "காலியாத்தான இருந்துச்சு, பின்னாடி போங்க சார்" என்றான், கண்ணைக்கூடத் திறக்காமல். காலடியில் யாரோ தின்று போட்ட வாழைப்பழத் தோல். அந்த வாசனை நேராக என்னை எண்பதுகளின் திண்டிவனம் பஸ் நிலையத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

அப்போது எனக்கு விழுப்புரத்தில் தையல் மிஷின் கடை ஒன்றில் வேலை. திண்டிவனத்தில் ரிப்பேர் பார்த்துவிட்டு, சாமான் வாங்க அங்கிருந்தே மெட்ராஸ் போவேன். பஸ் நிலையத்தில் குனிந்த தலை நிமிராமல்தான் நடக்க வேண்டும். அடக்கம் இல்லை, பழத்தோல், மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் வேர்க்கடலைத் தோல், வெற்றிலை எச்சில். சிறுநீர் கழிக்காதீர் என்று எழுதிய சுவரைத்தான் அதற்கென்றே எல்லாரும் தேடிப் போவார்கள். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டும் குடையும் பறக்கும். செருப்பைக் கழற்றிப் போட்டவர்கூட உண்டு. நானும் யோக்கியன் இல்லை, என் ஆயுதம் கைக்குட்டை.

ஒருநாள் பக்கத்தில் கோட்டக்குப்பத்து சலீம் பாய் நின்றிருந்தார். ராத்திரி துபாய்க்கு விமானம். வழியனுப்ப வந்த மச்சான் பஷீரிடம் கைப்பையைக் கொடுத்துவிட்டு, பெட்டிக்குக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தார். பஸ் வந்தது. பஷீரின் கை பழக்கப்பட்ட கை, இருந்ததை ஜன்னல் வழியே வீசிவிட்டது.

"எடம் புடிச்சாச்சு மச்சான், நிதானமா ஏறு."

நிதானமாக எங்கே ஏற? படியில் மொய்த்த கூட்டம் எங்களை வெளியே தள்ளியது. விசில் அடித்து பஸ் கிளம்பிவிட்டது.

சலீம் பாய் கத்தவில்லை. "அதுலதான்டா பாஸ்போர்ட்டு இருக்குது" என்றார். அடுத்த நொடி ஓடினார். பஷீரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினோம்.

காப்பாற்றியது ரயில்வே கேட். அது மூடினால் நம்மவர்களுக்கு இடப்பக்கம் வலப்பக்கம் கிடையாது. ரோடு முழுக்க லாரி, மாட்டுவண்டி, சைக்கிள், எதிரேயும் அப்படியே. ரயில் போய் கேட் திறந்த பிறகும் முட்டிக்கொண்டு நிற்பார்கள், எவனும் பின்வாங்க மாட்டான். போகும்போதெல்லாம் நான் திட்டிய அந்த நெரிசலை வாழ்த்தியது அன்று ஒருநாள்தான். நடுவில் எங்கள் பஸ் அசையாமல் நின்றது.

முண்டியடித்து ஏறினோம். உள்ளே மூச்சு விட இடமில்லை. ஆனால் ஒரே ஒரு சீட்டு காலி. அதன் மேல் அந்தப் பை. பக்கத்தில் மல்லாட்டை மூட்டையோடு கெடார் கிராமத்து அம்மா ஒருவர், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றார்.

"பையி யாருது, உன்துதானா? ஜல்தியா ஏறி வரக்கூடாதா? கண்டக்டரு எடுக்கச் சொல்லி ஒரே பேஜாரு. பை போட்டவங்க வருவாங்கன்னு நான்தான் சொல்லிக்கினு இருக்கேன்."

சலீம் பாய் பையைத் திறந்து பார்த்தார். பாஸ்போர்ட் இருந்தது. நீங்க உட்காருங்கம்மா என்று கையைக் காட்டினார்.

"நீ பை போட்ட எடத்துல நான் எப்படிக் குந்துறது?" என்றார் அந்த அம்மா.

இப்போது அந்த கேட் இல்லை, பஸ் மேம்பாலத்தில் பறக்கிறது. போன வாரம் திண்டிவனம் வரை நின்றுகொண்டேதான் வந்தேன். அங்கே ஒருவர் எழுந்தார். பழக்க தோஷம், சட்டென்று கைக்குட்டையைப் போட்டேன். பெட்டியை மேலே வைத்துவிட்டுத் திரும்பினால், கைக்குட்டையின் மேலேயே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.