போலீஸ் சேர்த்துவிட்ட அப்பாமார் வகுப்பு

பிள்ளை வளர்ப்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தபோது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. எங்கள் சபைக்காரர்கள் நடத்திய ஒரு சின்ன சமூக நல வேலையில் சேர்ந்திருந்தேன். சின்னசேலம் பக்கத்துப் பெண் நான். கல்வராயன் மலையடிவாரத்து ஊர் ஒன்றைக் கொடுத்து, செவ்வாய்க்கிழமை தோறும் பால்வாடியில் தாய்மார்களைக் கூட்டி வகுப்பு எடு என்று அனுப்பிவிட்டார்கள். கையில் ஒரு படச் சார்ட்டும், குளிப்பாட்டிக் காட்ட ஒரு ரப்பர் பொம்மையும் கொடுத்தார்கள். மற்றதெல்லாம் என் தைரியம்.

அந்தத் தைரியத்தைத் தாய்மார்கள் நன்றாகவே மெச்சினார்கள்.

“ரப்பர் பொம்ம பீ போவாது டீச்சர். அதான் சிரிச்சிக்கினே குளிப்பாட்டுறீங்க” என்பாள் ஒருத்தி. நாலு பெற்று வளர்த்த இன்னொருத்தி, நான் தாய்ப்பாலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்குவாள். இருந்தாலும் வந்தார்கள். மூன்று மணிக்குக் கொஞ்சம் உட்கார ஒரு இடம் கிடைத்ததே என்று வந்தார்கள். யார் வீட்டில் யார் அடித்தார், எந்தப் பிள்ளை மண் தின்கிறது, எந்த மாமியார் பேச்சை நிறுத்திவிட்டார் என்று எல்லாம் அங்கேதான் வெளியே வரும். என் பாடம் நடுவில் ஓரமாக ஓடும்.

பால்வாடி ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருந்தது. இரண்டு பாய் விரிப்போம். ஊர்ப் பெண்கள் சன்னல் பக்கத்துப் பாய், காலனிப் பெண்கள் கதவுப் பக்கத்துப் பாய். யாரும் சொல்லி வைத்ததில்லை. நடுவில் நான் நடந்து போய்வர ஒரு சந்து.

படச் சார்ட்டில் எட்டாவது படம் அப்பா. முழுக்கால்சட்டை போட்டு, கண்ணாடி போட்டு, குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டிருப்பார். அதைத் திருப்பினால் போதும், “இவரு யாரு டீச்சர், டாக்டரா?” என்று கேட்பார்கள். கள்ளக்குறிச்சியில் இருந்த என் மேலதிகாரிக்கு அந்தப் படத்தின் மேல்தான் உயிர். மாதா மாதம் கேட்பார், “அப்பாக்கள் வகுப்புக்கு வருகிறார்களா?” நான், “வருவாங்க சார்” என்பேன். வருங்காலத்தில் சொன்னால் அது பொய்யில் சேராது.

அப்போதுதான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் எங்கள் வட்டாரத்துக்கு வந்தது. ஒரே வாரத்தில் ரோடு முழுக்கப் புளிய மரங்கள் குறுக்கே படுத்துவிட்டன. பஸ் நின்றது. மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குப் போக வேண்டிய கரும்பு வயலிலேயே நின்றது. நானும் ஊருக்குத் திரும்ப வழியில்லாமல் பால்வாடியின் பின்கட்டு அறையில் தங்கிவிட்டேன். மரம் வெட்டின ஆட்களைத் தேடிப் போலீஸ் வரத் தொடங்கியதும், ஆம்பிளைகள் ராத்திரி பகலாகக் கரும்புக் கொல்லைக்குள்ளேயே குடியிருந்தார்கள். ஊரில் பெண்களும் பிள்ளைகளும் ஆடுகளும்தான்.

எல்லாருக்கும் பயம் இருந்தது. காலனிப் பெண்களுக்கு இன்னும் ஜாஸ்தி. எந்தப் பக்கம் சண்டை வந்தாலும் கடைசியில் தங்கள் கூரைக்குத்தான் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் செவ்வாய்க்கிழமை வந்ததும் ரெண்டு பாயிலும் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

அன்றைக்குப் பேதிக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலக்குவது பாடம். நான் தண்ணீரில் சர்க்கரையைப் போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று பின் வாசல் வழியாக ஆறு ஆம்பிளைகள் விழுந்தடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். கை காலெல்லாம் கரும்புச் சோகை கீறின கோடு. “கொல்லப் பக்கம் போலீசு வந்துகினு கீது” என்றார் முன்னால் வந்தவர். ஊரில் டிராக்டர் வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான். பெரிய மீசை. அதுவரைக்கும் பால்வாடிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்.

முன் வாசலில் ஜீப் சத்தம். யோசிக்க நேரமில்லை. கதவுப் பக்கத்துப் பாயில் இருந்த ஒருத்தி சட்டென்று எழுந்து, தன் இடுப்பிலிருந்த பெண் குழந்தையைத் தூக்கி டிராக்டர்காரர் மடியில் வைத்தாள். “உக்காருங்க, உக்காருங்க” என்று அதட்டினாள். அவ்வளவுதான், மற்ற பெண்களும் கைக்குக் கிடைத்த குழந்தையைக் கைக்குக் கிடைத்த ஆளிடம் திணித்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தபோது ரெண்டு பாயும் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தது. ஆறு ஆம்பிளைகள் மடியில் ஆறு குழந்தைகள் வீறிட்டுக்கொண்டிருந்தன.

அவர் மதுரைப் பக்கத்து ஆள். ஒல்லியாக இருந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

“என்ன நடக்குது இங்க?”

டிராக்டர்காரர் மடியில் குழந்தையை வைத்தவள்தான் பதில் சொன்னாள்: “அப்பாமாரு கிளாசுங்க ஐயா.”

“அப்படியா டீச்சர்?”

எட்டாவது படம் என்னைக் காப்பாற்றியது. சார்ட்டைத் திருப்பி அந்தக் கண்ணாடிக்காரரைக் காட்டினேன். “ஆமாம் சார். தகப்பனாரின் பங்கு.”

சப்-இன்ஸ்பெக்டர் படத்தையும் பார்த்தார், பாயில் இருந்தவர்களையும் பார்த்தார். பிறகு டிராக்டர்காரர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“உம் பொண்ணா?”

“ஆமாங்க.”

“பேர் என்ன?”

டிராக்டர்காரர் மீசையைத் தடவக் கையைத் தூக்கினார். அதற்குள் மீசையைக் குழந்தை பிடித்துவிட்டிருந்தது. “பாப்பான்னுதாங்க கூப்புடுவோம்.”

“சரி. பல்லு எத்தனை முளைச்சிருக்கு?”

அவர் என்னைப் பார்த்தார். நான் உப்பைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் குழந்தை வாயில் விரலை விட்டார். “ரெண்டு…” என்று ஆரம்பித்தவர், “ஆ!” என்று விரலை உதறிக்கொண்டு, “நாலுங்க, நாலு” என்றார். ஒரு போலீஸ்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

சப்-இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அடுத்த ஆளின் தலையிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மரத்தூள்.

“இது என்ன டீச்சர்? இதுவும் பாடமா?”

“நடைவண்டி செய்யறாங்க சார்” என்றேன். எங்கிருந்து வந்ததென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. “அப்பாக்கள் கையாலேயே பிள்ளைகளுக்கு…”

“ரொம்ப நல்ல வேலை” என்று எழுந்தார். “இந்த மாதிரி வகுப்பை நான் பார்த்ததே இல்ல. அடுத்த செவ்வாய்க்கிழமை வரேன். நடைவண்டியைப் பார்க்கணும். இதே ஆறு பேரும் இருக்கணும். இதே பிள்ளைகளோட.” கடைசி வார்த்தையை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

ஜீப் போனதும் டிராக்டர்காரர் குழந்தையைச் சட்டென்று கீழே இறக்கினார். வேட்டி முழுக்க ஈரம். “யாரு வூட்டுப் புள்ள இது?” என்றார். “எங்க வூட்டுதுங்க” என்று அதை மடியில் வைத்தவள் சொன்னதும் அவர் முகம் போன போக்கைச் சொல்லி மாளாது. தன் கொல்லையில் கரும்பு வெட்டுகிறவன் வீட்டுக் குழந்தையை, தன் பெண் என்று போலீஸிடம் ஒத்துக்கொண்டாயிற்று. அடுத்த வாரமும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அன்று சாயந்திரம் அவளைத் தனியாகக் கேட்டேன், “வேணும்னுதானே அவர் மடியில வெச்ச?”

“கைக்கு எட்டுன ஆளு மேல வெச்சேன் டீச்சர்” என்றாள். பிறகு, “அவரு ஜெயிலுக்கு உள்ள பூட்டா எங்க வூட்டுக்காரருக்கு வேல யாரு குடுப்பா?” என்றாள். பிறகு சிரித்தாள். மூன்றில் எது உண்மை என்று நான் கேட்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமைக்குள் நடைவண்டி வேண்டும். நல்ல மரத்துக்கு ஊரில் எங்கே போவது? ரோட்டில் கிடந்ததுதான் மரம். ஆறு பேரும் புளியங்கிளையை அறுத்து, தேய்த்து, மூன்று சக்கரம் வைத்து ஆளுக்கொரு வண்டி செய்தார்கள். எந்த மரத்துக்காகப் போலீஸ் தேடியதோ அந்த மரம் பால்வாடிக்குள் உருண்டது. பச்சை மரமானதால் சக்கரம் கோணிக்கொண்டு, கீச்சு கீச்சென்று ஊருக்கே கேட்டது.

சப்-இன்ஸ்பெக்டர் ஒன்றைத் தடவிப் பார்த்தார். “புளிய மரமா?”

“வேம்புங்க” என்றார்கள் ஆறு பேரும் ஒரே குரலில்.

அவர் நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். “பாடத்தை நடத்துங்க டீச்சர்.” நடத்தினேன். ரப்பர் பொம்மையை ஒவ்வொருவராகக் குளிப்பாட்டினார்கள். ஒருவர் சாமி சிலைக்கு அபிஷேகம் செய்வது போல் தலையிலேயே சொம்பைக் கவிழ்த்தார். தாய்மார்கள் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். இவ்வளவு நாளாக என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அன்றைக்கு வேறு பக்கம் திரும்பியதில் எனக்குப் பரம சந்தோஷம்.

இனி வாராவாரம் வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து போனார். டிராக்டர்காரருக்குத்தான் கஷ்டம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் காலனி முனைக்கு வந்து நின்று பாப்பாவைக் கேட்க வேண்டும். முதல் வாரம், “ஏய், புள்ளைய எடுத்தா” என்றார். “தூங்குதுங்க” என்று பதில் வந்தது. ஜீப் வருகிற நேரம். “எழுப்பேன்.” “எழுப்புனா அழுவுங்க.” கடைசியில், “ஏம்மா, கொஞ்சம் எழுப்பும்மா” என்றார். பாப்பா உடனே முழித்துக்கொண்டது. இதைப் பார்த்த பெண்கள் எனக்கு நடித்தே காட்டினார்கள்.

அடுத்த வாரம் அவர் மனைவியே வகுப்புக்கு வந்துவிட்டார், மூன்று வயசு மகனையும் இழுத்துக்கொண்டு. வந்து உட்கார்ந்ததும் முதல் பேச்சே, “எம் புள்ளைய ஒரு நாளாச்சும் இப்பிடித் தூக்கியிருப்பியா நீ?” என்பதுதான். அந்த நேரம் பார்த்து சப்-இன்ஸ்பெக்டர் நுழைந்தார். பையன், “அப்பா!” என்று கத்திக்கொண்டு போய் டிராக்டர்காரர் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

“ஓகோ, பையனும் இருக்கானா?” என்ற சப்-இன்ஸ்பெக்டர் அந்த அம்மாவிடம் திரும்பினார். “பொண்ணும் உங்களுதாம்மா?”

அந்த அம்மா புருஷனை ஒரு பார்வை பார்த்தார். “அவரு சொன்னாச் சரியா இருக்குங்க.”

“இது எந் தங்கச்சி இல்ல” என்று பையன் தொடங்கினான். பக்கத்திலிருந்த பாப்பாவின் அம்மா அவன் வாயில் ஒரு முறுக்கை வைத்தாள். அதற்கப்புறம் ரெண்டு அம்மாக்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பட்ட பாடு இருக்கிறதே. ஒரு நிமிஷம் தாக்குப்பிடித்தார்கள். பிறகு ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் வெடித்துச் சிரித்துவிட்டார்கள். சப்-இன்ஸ்பெக்டர் சார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சுவார்த்தை என்று செய்தி வந்தது. மரங்களை அப்புறப்படுத்தினார்கள். பஸ் ஓடியது. ஆள் தேடுவதும் நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் கடைசியாக ஒரு தடவை வந்தார். வேறு ஸ்டேஷனுக்கு மாற்றலாகிப் போவதாகச் சொன்னார். வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டே, “டீச்சர், அந்தப் பொண்ணு ஒவ்வொரு தடவையும் யாரைப் பார்த்துக் கையை நீட்டி அழுதுச்சுன்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்” என்றார்.

“அப்ப ஏன் சார் விட்டீங்க?”

“ஸ்டேஷன்ல உட்கார வைக்க இடமில்லம்மா. வாராவாரம் ஆறு பேரும் ஒரே இடத்துல உட்கார்ந்திருந்தா எனக்கும் அலைச்சல் மிச்சம்.” டம்ளரை வைத்துவிட்டு, “எனக்கும் வீட்டுல ஒண்ணு நிக்கப் பார்க்குது” என்று கீச்சு சத்தம் கம்மியாக இருந்த வண்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்.

விஷயம் எப்படியோ கள்ளக்குறிச்சிக்கு எட்டி, என் மேலதிகாரி அடுத்த செவ்வாய்க்கிழமையே கேமராவோடு வந்துவிட்டார், அப்பாமார் வகுப்பைப் பார்க்க. போலீஸ் இல்லாத முதல் செவ்வாய்க்கிழமை. யார் வரப் போகிறார்கள் என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரெண்டு பேர் வந்தார்கள். வெகுநேரம் கழித்து டிராக்டர்காரர் வந்தார். அவர் மனைவி அவரைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். தோளில் அவர் மகன். பாய் இரண்டும் பழையபடி தனித்தனியாகப் போய்விட்டிருந்தது. அவர் சன்னல் பக்கம் போகிற வழியில், கதவுப் பக்கத்திலிருந்து பாப்பா அவரைப் பார்த்து ரெண்டு கையையும் தூக்கிக் கத்தியது.

அவர் நின்றார். ஊர்ப் பெண்கள் பார்த்தார்கள், காலனிப் பெண்கள் பார்த்தார்கள், கேமரா பார்த்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, முகத்தை மட்டும் நீட்டினார். பாப்பா மீசையைப் பிடித்துக்கொண்டது. விடவில்லை. குனிந்தது குனிந்தபடி நின்றார்.

“எடுத்துக்கங்களேன்” என்றாள் அதன் அம்மா. “போலீசு இல்லன்னா இன்னா?”

எடுத்துக்கொண்டார். தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று. மேலதிகாரி படம் பிடித்தார். அந்தப் படத்தில் அவர் விழிப்பது, கரும்புக் கொல்லையிலிருந்து ஓடிவந்த அன்றைக்கு விழித்ததைவிட மோசமாக இருக்கும்.

பெரிய மாற்றம் வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. கரும்பு வெட்டு தொடங்கியதும் அப்பாமார் வகுப்பு தானாகக் கரைந்து போயிற்று. பாய் நடுவில் சந்து இருந்துகொண்டேதான் இருந்தது. டிராக்டர்காரர் மனைவி மட்டும் வந்தால் கதவுப் பக்கம் ஒரு நடை போய், பாப்பாவின் அம்மாவிடம் ரெண்டு வார்த்தை பேசிச் சிரித்துவிட்டு வருவார்.

மேலதிகாரி என்னை அடுத்த வருஷம் மலைக்கு மாற்றினார். “அங்கேயும் அப்பாக்களைக் கொண்டுவர வேண்டும். கீழே எப்படிச் செய்தாயோ அப்படியே செய்” என்றார். நான் தலையாட்டிவிட்டு எட்டாவது படத்தைத் தனியாகக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு ஏறினேன். முதல் நாள் வகுப்புக்குப் பெண்கள் யாரும் வரவில்லை. ஒரு ஆள் மட்டும் முதுகில் ஒன்றைத் துணியால் கட்டிக்கொண்டு, இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். “இதுங்க அம்மா சந்தைக்குப் போயிருக்குது. நான் வந்து கேட்டுக்கலாமா டீச்சர், இல்ல பொம்பளைங்களுக்கு மட்டும்தானா?” என்றார்.

பாயை விரித்தேன். மலையில் இருந்த அத்தனை வருஷமும் சுருட்டிய அந்த எட்டாவது படத்தைப் பிரிக்க வேண்டிய தேவையே வரவில்லை.