மொதலாளியின் காது

லோடு வேனை ஆட்கள் கையால் தள்ளிக்கொண்டு வருவதைத் தினமும் பார்த்திருக்கிறேன். பழுதான வேன் இல்லை. டீசல் நிரம்பிய, புத்தம் புதிய வேன். திருத்தங்கலில் எங்கள் பட்டாசுக் கம்பெனியின் ஆபீஸுக்கு மேல்மாடியில் மொதலாளி பாட்டுக் கேட்கும் அறை இருந்தது. அவர் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால், தெருமுனையிலேயே டிரைவர் இன்ஜினை அணைத்துவிட வேண்டும். குடோனில் இருக்கிற ஆட்கள் ஓடிப்போய், முதுகு வேர்க்க, பெட்டி அடுக்கிய வேனை வாசல்வரை தள்ளி வருவார்கள். தள்ளும்போது யாரும் குரல் கொடுக்கக் கூடாது, அதுவும் மாடிக்குக் கேட்டுவிடுமாம். நான் கீழே கம்ப்யூட்டரில் ஆர்டர் அடித்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோய், பார்க்கவே அருவருப்பாக ஆகிவிட்டது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள் அவை. ஊரில் எல்லோரும் டேப்ரெக்கார்டரை விட்டு சிடிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். மொதலாளி அதையெல்லாம் தாண்டி எங்கேயோ போயிருந்தார். சுவர் முழுக்கக் கார்ப்பெட், ஆள் உயர ஸ்பீக்கர்கள், கண்ணாடிக் குழல்கள் செக்கச்செவேல் என்று எரியும் ஆம்ப்ளிஃபயர். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற ஹோஸ் தடிமனில் ஒரு ஒயரைச் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்தார். அதற்கும் பழைய ஒயருக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்ல ஆபீஸில் இருக்கும் எங்களை மாடிக்குக் கூப்பிடுவார். ஃபேன் ஓடினால் பாட்டு கெட்டுவிடும் என்று அதையும் நிறுத்திவிடுவார். புழுங்கிச் சாவோம். ஒரு நாள் வெளிநாட்டு சிடி ஒன்றில் பதிவு செய்த வாணவேடிக்கையின் சத்தத்தைப் போட்டுக் காட்டினார். வெடி செய்து விற்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, "அப்படியே நெசம் மாதிரி இருக்கு மொதலாளி" என்று நாங்கள் வாய் பிளந்து நின்றோம். அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

அதே கம்பெனியில்தான் என் சித்தப்பாவும் வேலை பார்த்தார். ஃபேக்டரி தாயில்பட்டிப் பக்கம், கரிசல் காட்டுக்கு நடுவில். சித்தி அங்கே பேக்கிங்கில் இருந்தாள். சித்தப்பாவுக்கு டெஸ்டிங் வேலை. வெடிக்குச் சத்தத்தின் அளவு இவ்வளவுதான் என்று அரசாங்கம் கட்டுப்பாடு கொண்டுவந்திருந்த சமயம். ஒவ்வொரு முறை மருந்து கலந்து வெடி செய்ததும், அதில் சாம்பிள் எடுத்துப் பின்னால் இருக்கும் பொட்டலில் வைத்துக் கொளுத்த வேண்டும். கொளுத்திவிட்டு நாலு எட்டு ஓடிவந்து, சத்தம் அளக்கும் மீட்டர் பக்கத்தில் நின்று முள் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். காலையில் தொடங்கினால் வெயில் சாயும்வரை இதே வேலை. காதைப் பொத்தலாம் என்றால் ஒரு கையில் ஊதுவத்தி, மறு கையில் அடுத்த சாம்பிள். தலைத்துண்டை இறக்கிக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொள்வார், அவ்வளவுதான்.

சீசன் நெருங்கினால் மொதலாளியே பொட்டலுக்கு வருவார். மீட்டர் தாண்டக் கூடாது, ஆனால் கேட்கிறவனுக்கு நெஞ்சு அதிர வேண்டும் என்பது அவர் கட்சி. அந்த அதிர்வைப் பிடிக்கத் தன் காது போதும் என்பார். அந்தக் காதை அவர் எப்படி வைத்துக்கொண்டார் என்று கேளுங்கள். காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டு, இரண்டு காதிலும் மஞ்சள் ஸ்பாஞ்சு அடைப்பைச் சொருகிக்கொண்டு, ஏசியில் உட்கார்ந்திருப்பார். அடைப்பு டப்பா டப்பாவாக டேஷ்போர்டில் கிடக்கும். வெடித்ததும் விரலால் சைகை காட்டுவார், இன்னொன்று. சித்தப்பா அடுத்ததைக் கொளுத்துவார். அந்த டப்பாவில் ஒரு ஜோடியை எடுத்து வெளியே நீட்ட வேண்டும் என்று அந்த மனிதருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. 

முதலில் இடது காதில் வண்டு ரீங்காரம் போடுகிறது என்றார் சித்தப்பா. பிறகு அந்தக் காது மொத்தமாக அடைத்துப்போனது. மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். இடது போனது போனதுதான், வலதில் இருப்பதையாவது காப்பாற்ற வேண்டுமானால் இந்த வேலையை உடனே விட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேறு கம்பெனிக்குப் போகலாமே என்பீர்கள். சித்தப்பாவும் சித்தியும் ஒரே வேனில் ஏறி ஒரே கேட்டில் இறங்குகிறவர்கள். ஒருவர் முறைத்துக்கொண்டு போனால் மறுநாள் இருவருக்கும் கேட்டைச் சாத்திவிடுவார்கள். பேக்கிங்குக்கு மாற்றிக் கொடுத்தால் போதும், வலது காது பிழைத்துக்கொள்ளும். நான் பேசிப் பார்க்கிறேன் என்றேன். காதின் அருமையை அந்த ஜில்லாவிலேயே மொதலாளி அளவுக்குத் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள் என்று நம்பினேன்.

கேட்டதும் மொதலாளிக்கு ஒரே ஆர்வம். "அப்படியா? அவர மேல கூட்டிட்டு வாம்மா, நானே பாத்துருதேன்" என்றார். சித்தப்பா செருப்பைக் கீழ்ப்படியிலேயே விட்டுவிட்டு, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வந்தார். மொதலாளி அவரைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து, பெரிய ஹெட்போனை எடுத்துத் தன் கையாலேயே தலையில் மாட்டினார். ஏதோ ஒரு 'கீ' சத்தத்தைப் போட்டு, புருவத்தை உயர்த்தினார். "கேக்குது மொதலாளி" என்றார் சித்தப்பா. இன்னொரு சத்தம். "கேக்குது மொதலாளி." எங்கள் ஆட்களுக்கு மொதலாளி கேட்கும் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் சொல்லவே வராது. சாப்பிட்டாயா என்று கேட்டால், பட்டினி கிடந்தாலும் சாப்பிட்டேன் என்பார்கள், இல்லை என்றால் அவரைக் குறை சொன்னதுபோல் ஆகிவிடும் என்று நினைப்பு. மொதலாளிக்கும் அது தெரியும். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, ஹெட்போன் ஒயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து சத்தமில்லாமல் உருவினார். உருவிய முனையைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடியும் புருவத்தை உயர்த்தினார்.

"நல்லாக் கேக்குது மொதலாளி."

மொதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். எதற்கென்று தெரியாமல் சித்தப்பாவும் கூடவே சிரித்தார்.  நான் பல்லைக் கடித்துக்கொண்டு, இவ்வளவு பார்த்தபிறகாவது மாற்றிக் கொடுப்பார் என்று நம்பிக் கேட்டேன்.

"அப்ப சித்தப்பாவ பேக்கிங்குக்கு மாத்திரலாமா மொதலாளி?"

"எதுக்கு?" என்றார், நிஜமாகவே புரியாதவர் போல. "நல்ல காது உள்ளவன அங்கன கொண்டு நிறுத்துனாத்தான பாவம்? இவருக்கு இனிமே என்னம்மா கெட்டுறப்போவுது?"

"வலது காது இன்னும் இருக்கு மொதலாளி."

"அது எம்புட்டு நாளைக்கு?"

சொல்லிவிட்டு, ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, சித்தப்பாவின் காது பட்ட ஹெட்போன் மெத்தையைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார். அவ்வளவு பொறுமையாக அவர் ஒரு காரியம் செய்து நான் பார்த்ததில்லை. படி இறங்கும்போது சித்தப்பா என் தோளைத் தட்டி, "அவுக கையாலயே மாட்டிவிட்டாகம்மா, எம்புட்டுப் பெரிய மனசு" என்றார். வேலை மாறிவிட்டது என்று நினைத்திருந்தார். இல்லை என்று அவருக்குப் புரியவைக்க, ரோட்டில் நின்று நான் கத்த வேண்டியிருந்தது. போகிற பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் வழக்கம்போலப் பொட்டலுக்குப் போனார். அந்தத் தீபாவளிக்குள் வலது காதும் போய்விட்டது. நான் அந்த மாதமே வேலையை விட்டேன். அதனால் மொதலாளிக்கு ஒரு மயிரிழை நஷ்டமும் இல்லை. சித்தி இப்போதும் ரோட்டைத் தாண்டும்போது சித்தப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டுகிறாள். பேத்தி மழலை பேசினால் அவர் அவள் வாயையே உற்றுப் பார்ப்பார். என்ன சொன்னாள் என்று யாரிடமும் கேட்க மாட்டார்.

போன மாதம் இருவரும் விருதுநகரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். என் மகள் வாங்கிக் கொடுத்த ஒயர் இல்லாத இயர்போனைப் போட்டுக்கொண்டு செல்போனில் வீடியோக்களைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒன்றில் மொதலாளி வந்தார். தலை நரைத்திருந்தது, ஸ்பீக்கர்கள் இன்னும் பெரிதாகியிருந்தன. நல்ல இசையை எப்படிக் கேட்பது என்று வாரா வாரம் பேசுகிறாராம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் இயர்போனைச் சத்தமாக வைத்துக் காதைப் பாழாக்குகிறார்கள் என்று வருத்தப்பட்டார். காது தெய்வம் கொடுத்தது, ஒரு தடவை போனால் திரும்ப வராது, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன் என்று நாத்தழுதழுக்கச் சொன்னார். அந்தக் குழைந்த குரல் என் இரண்டு காதுக்குள்ளும், மிகத் துல்லியமாக, ஊர்ந்தது. சாக்கடைத் தண்ணீர் உள்ளே போய்விட்டதுபோல் இருந்தது. இயர்போனைப் பிடுங்கி எறிந்தேன்.

சோபாவில் பக்கத்தில் இருந்த சித்தப்பா திரையை எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவசரமாக இறக்கிவிட்டு எழுந்து நின்றார். நான் செல்போனை அணைத்தேன்.

"ஏம்மா நிப்பாட்டிட்ட?" என்றார், தெரு முழுக்கக் கேட்கிற குரலில். "மொதலாளி பேசிக்கிட்டு இருக்காகல்ல."