மாவுக்கு ஒரு கம்பளி

மூக்கால் போனைத் தட்டிப் பொம்மைப் படத்தை ஓடவிடுகிறான் என் தம்பி மதுரன். இரண்டு கையிலும் முழங்கை வரை மாவு. சீனி டப்பாவில் சாய்த்து வைத்த போனுக்குள் ஊதாத் தலைமுடிக்காரி ஒருத்தி கோடரியைத் தூக்கிக்கொண்டு ஜப்பான் மொழியில் கத்துகிறாள். அவளுக்கு ஆத்திரம் ஏறினால் இவன் பிசைவதும் வேகமாகும். அவள் அழுதால் மாவு அப்படியே கிடக்கும். "இருங்கக்கா, இப்ப பேசாதீங்க. இவ கூட்டாளி சாகப் போறா" என்பான். முப்பத்து மூன்று வயது. அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் மெசின் பார்க்கிறவன். ஓடுகிற பெல்ட் அறுந்தாலும் பதறமாட்டான். ஒரு பொம்மை செத்தால் மூக்கை உறிஞ்சுவான்.

அவன் சுடுவது பணிஸ், எங்கள் ஊர் பன். மேலே பால் தடவி, எள் தூவி, கைக்கு அடக்கமாக இருக்கும். ஆரம்பத்தில் அப்படி இல்லை. முதல் தட்டில் வந்த ஒன்றை அவனே கதவுக்கு முட்டுக் கொடுத்தான். "காத்துக்கு டமால் டமால்னு அடிக்குதுல்ல, இனிமே அடிக்காது பாருங்க" என்றான். தொழிற்சாலைக்குக் கட்டிக்கொண்டு போனால், "மெசினுக்குப் பேரிங் கொண்டாந்துட்டாருடோய்" என்று சிரிப்பார்களாம். அதையும் வந்து என்னிடம் சொல்லி, அவர்களைவிட அதிகமாகச் சிரிப்பான். இப்போது நன்றாகவே வருகிறது. அதற்கு என் ரவிக்கைகள் சாட்சி. எல்லாவற்றிலும் தையலைப் பிரித்து விட்டாயிற்று.

பொம்மைப் படத்தைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். "கழுதை வயசாச்சு, இதையெல்லாமாடா பாக்கிற?" என்று திட்டுவதற்காகத்தான் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எட்டாம் வகுப்பை ஒரே முறைப்பில் அடக்குகிற டீச்சர் நான். அன்றைக்கு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்ததப் போடுடா" என்றேன். அதற்குப் பிறகு திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை.

எங்கள் ஊர்க் குளிரில் மாவு லேசில் பொங்காது. அதனால் பிசைந்ததைப் பாலித்தீன் பையில் கட்டி, கம்பளியில் சுற்றி, வெயில் விழுகிற இடமாகப் பார்த்து வைப்பான். வெயில் நகர்ந்தால் மூட்டையும் நகரும்.

"இந்தப் பாசத்துல பாதிய எங்கிட்ட காட்டேன்டா."

"நீங்கதான் ஏற்கனவே பொங்கிட்டீங்களேக்கா."

அம்மா அப்பா இல்லாததால் அவனுக்குப் பெண் பார்ப்பது என் தலையில் விழுந்தது. முதலில் வந்தவர்கள் ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். இவன் உள்ளதைச் சொன்னான். பொம்மைப் படம் பார்த்துப் பணிஸ் சுடுகிறவனுக்குப் பெண் கொடுக்கமாட்டோம் என்று தரகரிடம் சொல்லியனுப்பிவிட்டார்கள். பிறகு வெலிமடை மேனுஷாவின் சம்பந்தம் வந்தது. இந்தப் பிள்ளையை அவனுக்கு நிஜமாகவே பிடித்துப்போயிற்று. பெயரைச் சொன்னாலே காது சிவக்கும். இதையும் கைநழுவ விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

"அவுங்க வர்ற அன்னைக்கு மாவு, பொம்ம ஒன்னும் கண்ணுல படக்கூடாது. நான் பேசிக்கிறேன்" என்றேன்.

"மறச்சுக் கட்டிக்கிட்டா, அப்புறம் காலம்பூரா ஒளிஞ்சுக்கிட்டுல்லக்கா பாக்கணும்?"

"மொதல்ல கட்டுடா."

மேனுஷாவின் அப்பா கதிர்காமநாதன் மரக்கறி மொத்த வியாபாரி. வெள்ளை வேட்டி, தோளில் கனத்த சால்வை, அளந்த பேச்சு. மனைவி பாக்கியலெட்சுமியோடு வந்து இறங்கினார். வாசலிலேயே அந்த அம்மா, "தம்பி லீவு நாள்ல என்னா செய்வாரு?" என்று கேட்டார். "வீட்டுத் தோட்டந்தாங்க, செடின்னா உசிரு" என்றேன். வேலியோரம் முழங்கால் உயரத்துக்குப் புல் ஆடிக்கொண்டிருந்தது.

ஜன்னலோரச் சோபாவில் கம்பளி சுருண்டு கிடந்தது. மாவு கூடாதென்று சட்டம் போட்டிருந்தேனே, வெறும் கம்பளிதான் என்று நானே அதன்மேல் பூப்போட்ட விரிப்பை விரித்திருந்தேன். காலையிலேயே பிசைந்ததைக் கொட்ட மனம் வராமல் இவன் அங்கே வைத்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்? "அங்க உக்காருங்க, மெத்துன்னு இருக்கும்" என்று சம்பந்தியாகப் போகிறவருக்கு என் கையாலேயே இடம் காட்டினேன்.

உட்கார்ந்தார். புர்ர்ர் என்று நீளமாக ஒரு சத்தம் வந்தது.

பாக்கியலெட்சுமி அம்மா சுவர்க் காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். நான் இருமினேன். ஒரு டீச்சருக்குத் தெரிந்த அத்தனை விதமாகவும் இருமிப் பார்த்தேன். மனிதர் கொஞ்சம் அசைந்தார். சின்னதாக இன்னொன்று வந்தது. அதன்பிறகு அவர் அசையவே இல்லை. முகம் பீட்ரூட் நிறத்துக்குப் போய்விட்டது.

மதுரனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்த்து எனக்கும் புரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் சம்பந்தம் பிழைக்கும், பாவம் அந்த மனிதரின் மானந்தான் போகும். பேசாதே என்று கண்ணால் மிரட்டினேன். அவன் எழுந்து நின்றான்.

"ஐயா, அது நீங்க இல்லீங்க. எம் மாவு."

"என்னா மாவு?"

"பணிஸ் மாவுங்க. நாந்தான் சுடுவேன். குளிருதுன்னு கம்பளியில சுத்தி வச்சிருந்தேன், காத்து போயிருச்சு. பெசையிறப்ப பொம்மப் படம் பாப்பேங்க. அக்கா தோட்டம் கீட்டம்னு சொன்னதெல்லாம் சும்மா."

போச்சு, எல்லாம் போச்சு என்று நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். பாக்கியலெட்சுமி அம்மா காலண்டரிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். பார்க்கட்டும், எனக்கு வேண்டியதுதான்.

கதிர்காமநாதன் நிதானமாக எழுந்தார். விரிப்பை நீக்கிக் கம்பளியைப் பிரித்தார். ரொட்டி மாதிரித் தட்டையாகக் கிடந்தது மாவு.

"செத்துருச்சா?"

"இல்லீங்க. சூடு பட்டா மறுபடி எந்திரிக்கும்."

வெளியே அதற்குள் பனி இறங்கி வெயில் போய்விட்டது. அவர் பையின் வாயைக் கட்டினார், பழையபடி கம்பளியில் சுற்றினார், உட்கார்ந்து மூட்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். தோளிலிருந்த சால்வையை எடுத்து அதன்மேல் போர்த்தினார். நான் தேத்தண்ணீர் கொண்டுவந்தேன். ஒரு கையாலேயே வாங்கிக் குடித்தார். யாரும் கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை. மதுரன் நின்ற இடத்திலேயே நின்றான்.

பாக்கியலெட்சுமி அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"இருட்டுறதுக்குள்ள கெளம்புவோமாங்க?"

கதிர்காமநாதன் சால்வையின் ஓரத்தைத் தூக்கி, கம்பளியை விலக்கி, உள்ளே எட்டிப் பார்த்தார். மறுபடி நன்றாக மூடிவிட்டு, "இப்பத்தான் எந்திரிக்குது" என்று மனைவியை உட்காரும்படி கையைக் காட்டினார்.