எட்டு சதவீதப் புளிப்பு

வினிகர் கம்பெனியின் லேப்காரருக்கு எல்லாரும் வைத்த பெயர் சொட்டு சார். தொட்டியிலிருந்து வரும் வினிகர் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலப்பார். அதில் பத்து மில்லியை, அந்த ஒரே அளவை மட்டும் எடுக்கும் பிப்பெட் என்ற கண்ணாடிக் குழாயால் உறிஞ்சிக் குடுவையில் விட்டு, ப்யூரெட்டிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்குவார். குடுவையில் ரோஜா நிறம் எட்டிப் பார்த்ததும் நிறுத்திக் கணக்குப் போடுவார். ஆறு புள்ளி ஏழு மில்லி காரம் செலவானால் புளிப்பு நாலு சதவீதம். சரக்கு வெளியே போகலாம். இருபத்திரண்டு வருடமாகத் தன் கணக்கு தப்பியதே இல்லை என்பதைக் கேட்காதவர்களிடமும் சொல்லுவார். கேன்டீன் டீயில் சர்க்கரை அரை கிராம் கூட என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

அன்று பதின்மூன்று புள்ளி நாலு வந்தது. எட்டு சதவீதம்! தொட்டியில் கலக்குகிறவனோ அவர் மனைவியின் தம்பி.

“என்னடா, ஒண்ணுக்கு ரெண்டா ஊத்தி வச்சிருக்க?”

“சத்தியமா எப்பவும் போலதான் மாமா கலந்தேன்.”

“மூணு தடவை பார்த்தேன். மூணும் ஒரே அளவு. கண்ணாடிக் குழாய் பொய் சொல்லுமா?”

முதலாளி குதி குதியென்று குதித்தார். “தப்பு பண்ணினவன் சாயங்காலத்தோட கிளம்பட்டும்!” இரண்டு பிள்ளைகளை வைத்திருக்கிற மச்சானுக்கு முகம் செத்துப்போயிற்று.

சொட்டு சார் வீராப்பாகப் பிப்பெட்டைக் கழுவினார். பழையது வாய் உடைந்ததால் காலையில்தான் புதிது வந்திருந்தது. அதன் தொப்பையில் ‘20’ என்று எழுதியிருந்தது. பத்து என்று நினைத்து இருபது மில்லி எடுத்திருக்கிறார், மூன்று தடவையும். எழுத்தைப் பார்ப்பதெல்லாம் புதிதாகச் சேர்ந்தவர்கள் வேலை என்பது அவர் கொள்கை.

இதை யாரும் பார்க்கவில்லை. டிராயரில் போட்டு மூடினால் இருபத்திரண்டு வருடப் பெருமைக்குப் பங்கமில்லை. சொல்லவே வெட்கம், முழுசாக இரண்டு நிமிடம் அப்படித்தான் யோசித்தார். ஜன்னல் வழியே பார்த்தால் மச்சான் கம்பெனிச் சட்டையைக் கழற்றி ஒழுங்காக மடித்துக்கொண்டிருந்தான்.

பிப்பெட்டைத் தூக்கிக்கொண்டு நேரே முதலாளியிடம் போனார். “தொட்டி சரியாத்தான் இருக்குங்க. தப்பு என்னோடது. கிளம்ப வேண்டியது நான்தான்.”

முதலாளி பிப்பெட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மச்சானைக் கூப்பிட்டார். “இவரை என்ன பண்ணலாம், நீயே சொல்லு.”

“நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் முதலாளி. காலையிலேயே அக்காவுக்குப் போன் போட்டுட்டேன்.”

அன்று வேலை முடிந்தும் சொட்டு சார் வீட்டுக்குக் கிளம்பவில்லை. சுத்தமாக இருந்த குடுவைகளையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.