ஒரு லோரி சதுப்பு மண்

நான் மண் லோரி ஓட்டுகிறேன். பந்திங் பக்கம் சதுப்புக்காட்டு ஓரத்தில் தோண்டும் கறுப்பு மண்ணை ஏற்றி, பூச்சோங், ஷா ஆலம் வீடுகளுக்குத் தோட்டம் போடக் கொண்டுபோய்க் கொட்டுவது என் வேலை. பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு சரி. மண்ணைப் பற்றிப் படித்தது ஒன்றும் இல்லை. பார்த்ததுதான்.

அந்தக் காட்டில் தண்ணீர் தே ஓ நிறத்தில், பால் விடாத தேநீர் மாதிரி நிற்கும். கலங்கல் இல்லை. ஆனால் கறுப்பு. வாயில் வைத்தால் புளிக்கும். மரத்து வேர்கள் கீழே போகாமல் முட்டியை மடக்கியதுபோல் வெளியே வளைந்து நிற்கும். மூச்சு விடுவதற்காம். தோண்டுகிற மெஷினை ஓட்டும் மலாய்க்காரர் சொன்னார். இன்னொன்றும் அவர்தான் சொன்னார்.

"இனி புக்கான் தானா லா, அண்ணே."

இது மண்ணே இல்லை என்கிறார். விழுந்த இலையும் கட்டையும் தண்ணீருக்குள் மக்காமல் கிடந்து, ஆள் உயரத்துக்கு மேல் சேர்ந்தது. பிசைந்தால் நார் நாராக வரும். அந்தக் காட்டு மரத்துக்குத்தான் அது ஒத்துக்கொள்ளும். நம் வீட்டுச் செடி வைப்பதென்றால் சுண்ணாம்பும் மணலும் கலக்கவேண்டும், தண்ணீர் தேங்க விடக்கூடாது. முதலாளி இதை யாரிடமும் சொல்வதில்லை. நானும் சொல்வதில்லை. கறுப்பாக இருந்தால் சத்து என்று வாங்குகிறவர்கள் நினைக்கிறார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

கிள்ளானில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால், பெரிய கரண்டுக் கம்பிகளுக்கு அடியில் சும்மா கிடந்த நிலத்தில் ஓர் அக்கா தோட்டம் போட்டிருந்தார். எனக்குச் சொந்தக்காரர் இல்லை, கீழ்வீட்டுக்காரர். புருஷன் இல்லை, பிள்ளைகளும் இல்லை. முருங்கை, கறிவேப்பிலை இரண்டும்தான் போடுவார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குக் கறிவேப்பிலை அவரிடமிருந்துதான் போகும். அதற்கு முன்னால் ஷா ஆலத்தில் ஒரு தொழிற்சாலையில் தரை துடைத்தார். முட்டி இரண்டும் அங்கேதான் போயின. தோட்டம் கைகொடுத்த பிறகு அந்த வேலையை விட்டார். இனி யார் தரையையும் துடைக்கமாட்டேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அங்கே செம்மண். வெயிலில் இறுகிப் பாறையாகிவிடும். சரிவு என்பதால் மழைத் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். முருங்கைக்கு அது போதும். அக்காவுக்குப் போதவில்லை.

"ஊருக்கெல்லாம் கறுப்பு மண்ணு கொட்டுற. அக்காவுக்கு நாலு கூடை குடுத்தா லோரி கவுந்துருமா?"

"பாக்குறேன்க்கா."

"பாக்குறேன் பாக்குறேன்னே ரெண்டு தீபாவளி ஓடிப்போச்சு லா."

ஒருநாள் பூச்சோங்கில் ஒரு வீட்டுக்காரர் மண்ணை இறக்க விடவில்லை. ஈரம் ஒழுகுகிறது, கார் நிறுத்துகிற இடம் நாறிப்போகும் என்றார். முதலாளிக்குப் போன் போட்டேன். எங்காவது கொட்டிவிட்டு வா என்றார். பந்திங் வரை திரும்பிப் போக எனக்கு அலுப்பு. வீட்டுக்கு வந்து அக்கா தோட்டத்தில் தட்டினேன். அவருக்காகவே கொண்டுவந்தது மாதிரி பேசினேன்.

குவியலிலிருந்து வழிந்த தண்ணீரில் ஏதோ துள்ளியது. மீன். நகத்தளவு இருக்கும், சிவப்பு. அந்தப் புளித்த தண்ணீரில் இருக்கிற இனம். மண்ணோடு ஏறி வந்துவிட்டது.

"ஐயோ, மண்ணுக்குள்ள மீனு! தம்பி கொண்டாந்த மண்ணு ராசியான மண்ணு!"

அக்கா அதை வாளியில் பைப்புத் தண்ணீர் பிடித்துப் போட்டார். காலையில் அது மிதந்தது.

"நல்ல தண்ணிதான விட்டேன்? ஏன் செத்துச்சு?"

எனக்குக் காரணம் தெரியும். அதற்கு நம் தண்ணீர் ஆகாது. அதன் மண் நம் செடிக்கு ஆகாது. மண் அப்போதும் குவியலாகத்தான் கிடந்தது. அக்கா இன்னும் பரப்பவில்லை. சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"தெரியலக்கா" என்றேன்.

அக்கா பரப்பினார். முட்டி வலியோடு உட்கார்ந்து உட்கார்ந்து, மரத்தைச் சுற்றிச் செம்மண்ணை வெட்டி எடுத்துவிட்டு, பள்ளம் முழுக்கக் கறுப்பு மண்ணைப் போட்டு மிதித்தார். தம்பி சும்மா கொடுத்தான் என்று மாடி மாடியாகச் சொன்னார். சாயங்காலம் என் கதவுக் கம்பியில் முருங்கைக்கீரைக் கட்டு தொங்கும். எடுத்துச் சமைத்தேன். சாப்பிட்டேன்.

பிறகு மழை மாதம் வந்தது. செம்மண்ணில் தண்ணீர் ஓடியது. அக்கா போட்ட மண்ணில் ஓடவில்லை. பஞ்சு மாதிரி குடித்து ஊறி நின்றது. கறிவேப்பிலை மஞ்சளாகி உதிர்ந்தது. முருங்கை அடிமரம் மெத்தென்று ஆனது. விரல் வைத்தால் பட்டை கழன்று வந்தது. உள்ளே அழுகல் நாற்றம்.

அக்கா தன்னையே திட்டிக்கொண்டார். உரம் கூடிப்போச்சு என்றார். பிறகு கண் பட்டுவிட்டது என்று எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினார். கட்டும்போது நான்தான் கிளையை வளைத்துப் பிடித்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. சாப்பாட்டுக் கடைக்காரர் கொஞ்சநாள் பொறுத்துவிட்டு வேறு ஆளிடம் வாங்க ஆரம்பித்தார்.

ஒரு சனிக்கிழமை நான் லோரி கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா வந்தார்.

"தம்பி, எனக்கு இப்பதான் புரியுது. மண்ணு பத்தல. இன்னொரு லோரி கொட்டு."

நான் பைப்பை மூடினேன்.

"இந்தத் தடவ சும்மா வேணாம். கேக்குறத குடுத்துர்றேன். திங்கக்கிழமை ஷா ஆலத்துக்கு வரச் சொல்லிட்டாங்க, பழைய வேலைக்கே. மரம் மட்டும் எழுந்துட்டா, கடைக்காரர் கையில கால்ல விழுந்தாவது அந்த வேலைய விட்டுட்டு வந்துருவேன்."

"வேணாம்க்கா."

"ஏன்? அக்காகிட்ட காசு வாங்கக் கூச்சமா?"

"அந்த மண்ணாலதான் செத்துச்சு."

அக்கா சிரித்தார். விளையாட்டு என்று நினைத்தார். நான் முழுதும் சொன்னேன். இலை, புளிப்பு, சுண்ணாம்பு, தேங்குகிற தண்ணீர். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

"இது எப்பலேருந்து தெரியும்?"

"முன்னாடியே."

"மீனு செத்தப்பவா?"

"அதுக்கும் முன்னாடி."

அக்கா லோரியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"கீரைய மட்டும் நல்லா தின்னீங்க."

அதுவரை என்னை அவர் நீங்க என்று சொன்னதில்லை. போகும்போது திரும்பாமலே இன்னொரு வார்த்தை சொன்னார்.

"அள்ளுங்க."

ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு இறங்கினேன். வழக்கமாக நான் தோட்டத்தில் நின்றால் தே தாரே ஆற்றிக் கொண்டுவருவார். அன்று அவர் வீட்டுச் சன்னல் திறக்கவில்லை. அழுகிய வேரோடு கறுப்பு மண்ணை லோரியில் ஏற்றினேன். எங்கே கொண்டுபோவது என்று தெரியவில்லை. எடுத்த இடத்திலேயே போடலாம் என்று பந்திங் பக்கம் போனேன். தோண்டிய பள்ளம் குளமாகிக் கிடந்தது. முட்டி மடக்கின மரங்கள் அங்கே ஒன்றுகூட இல்லை. மெஷின் இன்னும் உள்ளே, காட்டுக்குள் நகர்ந்திருந்தது. அந்த மரங்களின் மண்ணையும் நான்தானே இத்தனை காலம் ஏற்றிப்போனேன். மண்ணை இறக்காமல் அப்படியே ஓட்டிக்கொண்டுவந்தேன்.

முதலாளி அதை வேறு வீட்டுக்கு அனுப்பினார். நான்தான் இறக்கினேன். சுண்ணாம்பும் மணலும் கலக்காமல் எதையும் வைக்காதீங்க ஆன்டி என்றேன். அவர் முதலாளிக்குப் போன் போட்டார். முதலாளி என்னைத் திட்டினார். இப்போது போகிற வீட்டிலெல்லாம் சொல்கிறேன். அதனால் அக்காவுக்குப் போனது எதுவும் திரும்பிவிடவில்லை.

திங்கட்கிழமை அக்கா தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினார். கம்பியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, நின்று, அடுத்த காலை இழுத்துக்கொண்டு ஏறினார்.

நான் தோட்டத்துப் பள்ளங்களைச் செம்மண் போட்டு மூடினேன். தெரிந்தவர் வீட்டிலிருந்து முருங்கைப் போத்து வெட்டிவந்து நட்டேன். கறிவேப்பிலைக் கன்றும் வைத்தேன். அக்கா வேலை முடிந்து அந்த வழியாகத்தான் வருகிறார். திரும்பிப் பார்ப்பதில்லை.

நேற்று நின்றார். ஒரு போத்தை நகத்தால் கீறி, உயிர் பிடித்திருக்கிறதா என்று குனிந்து உள்ளே பார்த்தார். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, வீட்டுக்குள் போனார். நான் மாடியில் நின்றேன். பச்சை தெரிந்ததா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.