நம் கப்பலுக்குப் படம் எடுத்தவர்

"அண்ணன் போயிட்டாரும்மா. நெஞ்சு வலின்னாரு, ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. வரும்போது அந்தக் கப்பல் கேசட்டை எடுத்துட்டு வா. நம்ம வீடியோ கடையில இருக்கறது தேஞ்சு போச்சு."

லிங்கராஜபுரத்திலிருந்து ஸ்டெல்லா அண்ணி தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான். பீரோவில் சேலைகளுக்கு அடியிலிருந்து கேசட்டை எடுக்கும்வரை எனக்கு அழுகை வரவில்லை. அதன்மேல், கூடப் பிறக்காத என் சாலமன் அண்ணன் கையெழுத்தில் 'நம்ம கப்பல்' என்று இருந்தது. பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணனை அறியாதவர்கள்கூட அவர் எடுத்த ஏதோவொரு கல்யாண வீடியோவில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பந்தியில் நாம் வாயைத் திறக்கும் நேரம் பார்த்துத்தான் விளக்கைப் பிடிப்பார். என் கல்யாணத்தில் மாமனார் இதற்காகச் சண்டைக்கே போனார். அண்ணன் அசரவில்லை. "சாப்பிடும்போதுதான் சார் மனுசனுக்கு நெஜ முகம்" என்றார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஊரெல்லாம் ஓர் ஆங்கிலக் கப்பல் படம் ஓடியது. நாங்கள் சேர்ந்து போனோம். அரங்கமே மூக்கை உறிஞ்சியது, நானும்தான். வெளியே வந்த அண்ணன் ஸ்கூட்டரை உதைக்காமல் நின்றார்.

"அவங்க கப்பலுக்கு டிக்கெட் வாங்கி அழுறோம். நம்ம கப்பலுக்கு யாரும்மா அழுதாங்க?"

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் ரங்கூனிலிருந்து தமிழ்ச் சனங்களை ஏற்றிவந்த கப்பல் ஒன்று நடுக்கடலில் மூழ்கியிருக்கிறது. கைக்குழந்தையான அண்ணனையும் தாயாரையும் முந்திய கப்பலில் ஏற்றிவிட்டு, அடுத்ததில் வருகிறேன் என்ற தகப்பனார் சின்னப்பன் அதில்தான் இருந்தார். அவருடைய புகைப்படம் ஒன்றுகூட இல்லை. தகப்பன் முகம் தெரியாமலே வளர்ந்தவருக்கு, அந்த மனிதரை நாலு பேராவது நினைக்க வேண்டும் என்பதுதான் ஆசை.

கல்யாணக் கேமராவை வைத்தே படம் எடுத்தார். அல்சூர் ஏரியில் ஒரு தகரக் கப்பலை மூழ்கடித்தார். ஆஸ்டின் டவுனில், அந்தக் கப்பலில் ஆளை இழந்த குடும்பங்களைத் தேடி வீடு வீடாக ஏறி இறங்கிப் புகைப்படங்கள் வாங்கினார். பெயர்களை வாசிக்கும் பொறுப்பு எனக்கு. நான் குரலைத் தழுதழுக்க வைத்தால் நிறுத்திவிடுவார்.

"துக்கமா படிக்காதம்மா. சாப்பிட வாங்கன்னு பேர் சொல்லிக் கூப்பிடற மாதிரி படி."

மாதா கோயில் கூடத்தில் முதன்முதலாகப் போட்டுக் காட்டினார். தகரக் கப்பல் மூழ்கும்போது பின்னால் கரையில் யாருடைய லுங்கியோ காய்ந்துகொண்டிருந்தது. பின்வரிசைகளில் சிரிப்பு கிளம்பியது. அடுத்து இறந்தவர்களின் முகங்கள் வந்தன, ஒவ்வொன்றும் இதய வடிவத்துக்குள், மேலே ரோஜா இதழ்கள் பொழிய. கல்யாண வீடியோவுக்கு அலங்காரம் சேர்க்கிற மிக்ஸர் கருவியில் வேறு என்ன இருக்கும்? கூடமே சிரித்தது. கடைசியாக, சின்னப்பன் என்ற பெயருக்கு மேல் காலி இதயம் வந்தது. அதற்கும் சிரித்தார்கள். அண்ணன் ஓடிப்போய் நிறுத்தினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

முன்வரிசையிலிருந்து பாக்கியம்மாள் எழுந்தார். அந்தக் கப்பலில் தந்தையை இழந்தவர்.

"ஏம்ப்பா நிறுத்தின? எங்கப்பா கல்யாணத்துல புடிச்ச போட்டோ அது. மாப்பிள்ளை மேல பூ விழுந்தா என்ன தப்பு? முதல்லேந்து போடு."

மறுபடி போட்டார். இம்முறை பெயர் வர வர, அந்தந்த வீட்டார் எழுந்து நின்றார்கள். சின்னப்பனுக்கு அண்ணன் மட்டும் எழுந்தார். பிறகு, சிரித்தவர்களும் சேர்ந்து, கூடம் முழுவதும் எழுந்தது.

அதன்பின், இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாள்தோறும் அந்தப் படம் ஓடியது. லுங்கியையாவது வெட்டுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். "இருக்கட்டும், அதுவும் நம்ம ஊருதானே" என்றார்.

அடக்கம் முடிந்த மாலை, என் கேசட்டை அதே கூடத்தில் போட்டார்கள். கடைசியில் சின்னப்பனின் காலி இதயம் வந்து போனது. அதற்குப் பின் இன்னோர் இதயம். நான் கேசட்டைக் கொடுத்த பிறகு அண்ணியே கடையில் உட்கார்ந்து அதில் சேர்த்திருக்கிறார். அதற்குள், தம் கல்யாணப் பந்தியில் வாய் நிறையச் சோற்றுடன் சாலமன் அண்ணன். மேலே ரோஜா இதழ்கள்.

அழுகையோடு சிலர் சிரித்தும்விட்டார்கள். ஆனால் அந்த முகத்துக்கு ஒலி இல்லை. அவர் பெயரை நான் வாசித்திருக்கவில்லையே. அண்ணி திரும்பி என்னைப் பார்த்தார். எழுந்தேன். துக்கமில்லாமல், சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டேன்:

"சின்னப்பன் மகன் சாலமன்."

கூடம் எழுந்து நின்றது.